கடலுக்குப் போகாத கொழுப்பு

மாதாவின் காவலில் இருக்கும் தம்பி அம்புறோசுக்கு, நெடுந்தீவிலிருந்து அக்கா செபஸ்தியம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். சுகமில்லாவிட்டால் அதற்கு என் சமையல் காரணமில்லை.

உன் இரத்தத்தில் கொழுப்புக் கூடிப்போச்சு, என் பன்றிக்கறிதான் காரணம், இந்த முறை கோயில் பெருநாளுக்கு வரமாட்டீர்கள் என்று உன் பெண்சாதி அன்ரனிட்டா போனில் சொன்னாள். உங்கள் கலியாணத்தன்று எனக்கு இருக்க ஒரு கதிரை தராதவள் அவள். நான் மறக்கவில்லை. நீ இல்லாமல் ஒரு பெருநாளும் எனக்குச் சோறு இறங்கினதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆகவே என் கறி குற்றமற்றது என்று காட்ட, அதே கறியைத் தின்கிற என் இரத்தத்தைச் சோதிக்க யாழ்ப்பாணம் போனேன். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். விடியப்புறம் பசி பொறுக்க ஏலாமல் புட்டும் மிஞ்சின பன்றிக்கறியும் தின்றுவிட்டுத்தான் படகேறினேன். ஆனால் அலை அடித்த அடியில் குறிகட்டுவான் துறை வருமுன் முழுக்கச் சத்தியெடுத்துவிட்டேன். பிறகு அது வெறும் வயிறுதானே!

இரத்தம் எடுத்த துசாரா என்ற பிள்ளை, மெசினில் சுற்றின குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரத்தத்துக்கு மேலே தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாய் நிக்குது.

"ஆச்சி, சாப்பிட்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை, ஆனா எல்லாம் கடலுக்க போயிட்டுது."

"எல்லாம் போகாது ஆச்சி. பித்தநீர் கொழுப்பைச் சின்னச் சின்னத் துளியாக்கும். குடல் உறிஞ்சி, ஒரு தனி வழியால இரத்தத்துக்கு விட்டிடும். அதுதான் இந்த வெள்ளை. உடம்பு வேண்டியதை எரிச்சுப்போட்டு மிச்சத்தை வயித்திலயும் தோலுக்குக் கீழயும் சேர்த்து வைக்கும். பசி கிடந்தால் எடுத்துச் செலவழிக்கும்."

"அப்ப சோறு?"

"அதுவும் மிஞ்சினால் ஈரல் கொழுப்பாக்கிப்போடும்."

கேட்டியோ தம்பி? சோறும் கொழுப்பாகுதாம்! என்ர கறி உனக்கு வருசத்தில ஒரு நாள். மற்ற நாளெல்லாம் கோப்பை நிறையச் சோத்தைக் குவிச்சுப் போடுறவள் ஆர்? நான் பெயர் சொல்லமாட்டன்.

நீ பெருநாளுக்கு வராவிட்டால் நானும் சாகுமட்டும் மண்டைதீவில் உன் வாசல் மிதியேன். உனக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணை நிற்பாவாக. அன்ரனிட்டாவுக்குக் கொஞ்சம் பிந்தி நின்றாலும் பரவாயில்லை.

உன் அன்புள்ள அக்கா,
செபஸ்தியம்மா

பி.கு: தபாலில போட்டால் பெருநாள் முடிஞ்சிடும் எண்டு நானே கொண்டுவந்து உன்ர வாசல் படலைக்குள்ளால போட்டிருக்கிறன். இண்டைக்குக் காலமை யாழ்ப்பாணத்தில திரும்பவும் இரத்தம் குடுத்தனான், இந்த முறை மெய்யாவே வெறும் வயித்தோட, இன்னும் பச்சைத் தண்ணி பல்லில படேல்லை. வெயிலுக்க நிக்கிறன், கெதியா வந்து திற. அன்ரனிட்டாவைச் சோறு போடச் சொல்லு. குவிச்சே போடட்டும்.