சாணிவண்டு சாமியான கதை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க பிள்ளைகளா, சாமி சமாச்சாரம், சத்தமாகச் சொல்லக் கூடாது.

ஒரு காட்டில் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் இது எகிப்து தேசத்துக் கதை, அப்போது காடே முளைக்கவில்லை, சூரியனும் பிறக்கவில்லை. எங்கே பார்த்தாலும் தண்ணீர், நடுவில் ஒரே ஒரு மண்மேடு. அதன் உச்சியில் தோத் என்கிற அரிவாள்மூக்கன் பறவை உட்கார்ந்து, வந்த மிருகங்களுக்கெல்லாம் சாமி வேலை போட்டுக்கொண்டிருந்தது. வேலை கிடைத்தால் மேட்டில் இடம். இல்லாவிட்டால் தண்ணீர்தான்.

வரிசையின் கடைசியில் கெப்ரி என்ற சாணிவண்டு. அது உருட்டிவந்த சாணி உருண்டைக்குள் அதன் பிள்ளைகள் முட்டையாக இருந்தன. அலை வந்து வந்து உருண்டையை நக்கியது. இன்னும் கொஞ்சம் நனைந்தால் குடும்பமே கரைந்துவிடும்.

மாடு இல்லாமல் சாணி ஏது, சூரியன் இல்லாமல் கண் எப்படித் தெரிந்தது என்றெல்லாம் கேட்டால் சாமி கண்ணைக் குத்தும்.

கெப்ரி வரிசையை விட்டு விலகி உருட்ட ஆரம்பித்தது. சாணிவண்டு எப்படி உருட்டும்? தலைகீழாக நின்று, பின்னங்காலால் தள்ளி, பின்பக்கமாகவே போகும்.

"டேய், முந்தாதே!" என்றது முதலை சோபெக்.

"விடு மாமா," என்றது பூனை பாஸ்தெட். "மூஞ்சி நம்ம பக்கம் இருக்கு பாரு. வேலை வாங்கிட்டுத் திரும்பிப் போறான்."

"மேல இல்ல போறான்?"

"மூஞ்சி இருக்கிற பக்கம்தானே மாமா எல்லாரும் போவாங்க?"

முதலை யோசித்தது. சரியாகத்தான் பட்டது. வழிவிட்டது.

உச்சியில் தோத் தன் நீள மூக்கை இறக்கைக்குள் செருகிக்கொண்டது. "என்னடா இது நாத்தம்?"

"சூரியனுங்க ஐயா. புதுசு, அப்படித்தான் இருக்கும்."

"இதுவா சூரியன்?"

"என்னங்க ஐயா, எல்லாம் தெரிஞ்ச நீங்க பார்க்காத சூரியனா?"

அதுவரை சூரியனை யாருமே பார்த்ததில்லை. ஆனால் எல்லாம் தெரிந்தவர் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

"பார்க்காமலா? இதைவிடப் பெருசையே பார்த்திருக்கேன்," என்று தோத் சூரியனை உருட்டும் வேலையைக் கெப்ரிக்கே கொடுத்துவிட்டது.

கெப்ரி அவசர அவசரமாக மேட்டில் குழி தோண்டி உருண்டையைப் புதைத்தது. பிள்ளைகள் பிழைத்தன. அந்த நேரம் பார்த்து, யாரும் தள்ளாமலே, கிழக்கே நிஜ சூரியன் எழுந்தது.

"அடேங்கப்பா, தள்ளிட்டானே!" என்று முதலை முதல் ஆளாகக் காலில் விழுந்தது.

கெப்ரிக்கே திக்கென்றது. கொஞ்ச நேரம்தான். பிறகு சூரியனுக்கு முதுகைக் காட்டித் தலைகீழாக நின்று, பின்னங்கால் இரண்டையும் வானத்துக்குத் தூக்கி, புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியது.

நீதி: வேலையைச் சூரியன் பார்த்துக்கொள்ளும். மூச்சு வாங்குவதை மட்டும் நாம் ஒழுங்காகச் செய்தால், கோயிலை ஊரார் கட்டிக் கொடுப்பார்கள்.