நாற்காலி விஷயமாக மாமாவுக்கு எழுதுவது

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மகளும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் பெயிண்ட் கடையும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இந்த வருஷமும் வேலை நிரந்தரமாகாவிட்டால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உங்கள் கடைக்கே வந்துவிட வேண்டியது என்று சொல்லி, கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி வேறு வாங்கிப் போட்டிருக்கிறீர்களாமே. அதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் மாமா. அப்பாடா, தப்பித்தேன்!

நேற்று ஆய்வு அதிகாரி வருவதாக இருந்தது. கம்ப்யூட்டரில் தகவல் தேடுவது எப்படி என்று பாடம் எடுத்துக் காட்டணும், அவர் நல்லபடியா எழுதினாத்தான் வேலை. காலையில பாத்தா நெட் இல்ல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பழைய சிறுவர் பத்திரிகைகளைக் கிழிச்சு ஆளுக்கொரு தாள் கொடுத்து, "நீங்கதான் இன்னைக்குக் கம்ப்யூட்டர், நான் தேடற வார்த்தை உங்க தாள்ல இருந்தா எழுந்திருங்க"ன்னேன். "தண்ணீர்"னேன், பாதி வகுப்பு எழுந்திடுச்சு. அந்த நேரம் பாத்து ஒருத்தர் பையோட உள்ள வந்து கடைசி பெஞ்சுல உக்காந்தார். அதிகாரியேதான் மாமா! சமாளிச்சு, "யானை, தண்ணீர்"னேன், மூணு பேர். "யானை, தண்ணீர், எவ்வளவு"ன்னேன், ஒரே ஒருத்தி நின்னா. "ஒரு யானை ஒரு தொட்டியே குடிச்சுடும் சார்!" யார் சொன்னதுன்னு கேட்டேன். "தொட்டி விளம்பரம் சார்." நம்பலாமான்னேன். "சேச்சே, அவங்க தொட்டிய விக்கணுமே!" சபாஷ், எதையும் நம்பறதுக்கு முன்னாடி ஆள் யாருன்னு பாக்கணும்னு நான் முழங்கினேன் பாருங்க, அவரே சிரிச்சுட்டார். ஆனா மகா கறார். சுவத்தத் தட்டிப் பாத்தார், விட்டத்தை அண்ணாந்து பாத்தார், பெஞ்சுக்கு அடியிலகூட குனிஞ்சு பாத்தார். மணி அடிச்சதும் ஒரு தாளை நீட்டி என் கையெழுத்து வாங்கிக்கிட்டு, "இனிமே உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது சார்"னார். கண்ணு கலங்கிடுச்சு மாமா. ஹெட்மாஸ்டரைக்கூடப் பாக்காம வீட்டுக்கு ஓடி உங்க மகள்கிட்ட சொன்னேன். "நல்லவேளை, நீங்க பெயிண்ட் டப்பா தூக்கறதை நினைச்சு எனக்கே பயமா இருந்துச்சு"ன்னா.

அத்தைக்கு என் வணக்கம். கடை மேலும் மேலும் பெருகட்டும், நான் இல்லாமலே.

இப்படிக்கு,
பிழைத்துக்கொண்ட மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது ஹெட்மாஸ்டர் ஃபோன். நெட் வந்துடுச்சாம், நேத்து வந்தவர் வயரை மாத்திட்டுப் போனாராம். அதிகாரி திங்கக்கிழமைதான் வர்றாராம். அந்த நாற்காலி இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும் மாமா.