முட்டைத் தட்டும் மூடாத அடைப்புக்குறியும்

‘ஓடுதுல்ல’ என்றொரு மனித ரகம் உண்டு. எந்தக் கம்ப்யூட்டர் ஆபீசில் தேடினாலும் ஒன்றாவது அகப்படும். நாமக்கல்லில் அகப்பட்டவர் பெயர் கதிர்வேல்.

கோழிப்பண்ணை லாரிகளுக்கு கேட் பாஸ் அடிக்கிற சாஃப்ட்வேரைச் செய்தவர் அவர். செய்தவரா? முகம் தெரியாத யார் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த ‘லைப்ரரி’ எனும் ஆயத்த நிரல்களை அள்ளி வந்து, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே தன் போட்டோவை வைத்துக்கொண்டவர். பாஸில் ‘குறிப்பு’ என்றிருக்கும் கட்டத்தில் தட்டுவதைப் படித்துப் பிரிக்கிற வேலையையும் அப்படியொரு லைப்ரரிதான் பார்த்தது.

அதில் ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்திருக்கிறது என்று கூட வேலை செய்யும் சுகன்யா மார்ச்சிலேயே சொன்னாள். அடைப்புக்குறியைத் திறந்து மூடாமல் விட்டால், மூடும் குறியைத் தேடி அது கடைசிவரை போகும். இல்லையென்றதும் திரும்பி வந்து, அடுத்த குறிக்காக மறுபடி கடைசிவரை போகும். பத்துக் குறி என்றால் தாமதம் தெரியாது. ஐம்பதாயிரம் என்றால்? சரிசெய்த பதிப்பு வந்துவிட்டது, மாற்றிவிடலாம் என்றாள்.

"மூணு வரி போட்டுப் பாத்தாச்சு. ஓடுதுல்ல? எவன் அம்மிணி ஐம்பதாயிரம் குறி போடப்போறான்?" என்றார் கதிர்வேல்.

போட்டது ஒரு முட்டைத் தட்டு.

மே மாதத்து மதியம். பண்ணை ஆபீஸ் அன்புச்செல்வி, சாம்பிள் தட்டைக் கீபோர்டு ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். தட்டின் மூலை ‘[’ பட்டனில் உட்கார்ந்து, குறிப்புக் கட்டத்தில் அரைமணி நேரம் திறக்கும் குறியாகவே அடித்துத் தள்ளியது. திரும்பி வந்தவள் தட்டை எடுத்துவிட்டு, வண்டி எண்ணை மட்டும் பார்த்து எண்டர் தட்டினாள். எல்லாம் நின்றது.

பதினோரு லாரி முட்டை வெயிலில் நின்றது. கதிர்வேல் ஓடிவந்தார். முதலில் நெட்டைத் திட்டினார், பிறகு கரண்டை, பிறகு ஏதோ வெளிநாட்டுச் சதியை. மூன்று தடவை நிறுத்திப் போட்டார். மூன்று தடவையும் அது, சேமித்து வைத்த அதே குறிப்பை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்து மல்லாந்தது. கையால் எழுதிக் கொடுக்கலாமே என்கிறீர்களா? பேப்பர் பாஸ் புத்தகத்தைக் குப்பையில் போடச் சொன்னதே அவர்தான்.

"ஏனுங் சாமி, உங்க சாஃப்ட்வேரு ஓடுதுன்னீங்க. லாரியும் ஓடோணுமுங்களே. இப்படியே வெயில்ல நின்னா லோடு பூரா வீணாப்போயிருமுங்க," என்றார் டிரைவர் வெள்ளியங்கிரி.

கடைசியாக என்ன அனுப்பினாய் என்று அன்புச்செல்வியைக் கேட்டது சுகன்யா ஒருத்திதான். அந்தக் குறிப்பை அழித்தாள், லைப்ரரியைப் புதிய பதிப்புக்கு மாற்றினாள். இருபது நிமிடம். லாரிகள் கிளம்பின.

கதிர்வேல் சும்மா இருப்பாரா? சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்: ‘கீபோர்டு அருகில் முட்டை வைக்கக் கூடாது.’ அன்புச்செல்வி எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம்.

"தாரனுங்ணா. தட்டு வெச்சது நானுன்னு எழுதறனுங்க. தெரிஞ்சே ஓட்டைய வெச்சிருந்தது யாருன்னு நீங்க கீழ எழுதிருங்க," என்றாள் அவள்.

அந்தத் தாள் இன்னும் பாதி காலியாகத்தான் இருக்கிறது.

சிரித்துவிட்டீர்களா? உங்கள் போனில் ‘அப்டேட் செய்யவும்’ என்று எத்தனை மாதமாகக் கெஞ்சுகிறது? ‘அப்புறம்’ என்பதை எத்தனை தடவை அழுத்தினீர்கள்?

பரவாயில்லை. ஓடுதுல்ல?