சுருங்கிரும் அத்தான் தைத்த கவுன்

அளவு தெரியாமல் துணி தைப்பவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். அத்தனை பேரையும் ராஜபாளையத்துக்குக் கூட்டி வாருங்கள். என் அக்கா புருஷனிடம் தோற்றுப் போவார்கள்.

எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே 'சுருங்கிரும்'தான். பேண்டேஜ் துணி மில்லில் பிளீச்சிங் வேலை. காடாத் துணி வெளுத்து வரும்போது சுருங்குவதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எல்லாமே சுருங்கும் என்று முடிவு கட்டிவிட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் திட்டப் போகிறேன்? டிசம்பர் பிறந்ததும் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவார். வீட்டில் ஒவ்வொருவருக்கும் கிறிஸ்துமஸ் பரிசைத் தன் கையாலேயே செய்ய வேண்டும். எல்லாவற்றிலும் ஒரு சாண் கூடுதல்.

எனக்குத் தைத்த சட்டைக்குள் நானும் என் சைக்கிளும் போகலாம். அக்காவுக்கு ஒரு வருஷம் ஸ்டூல் செய்தார். மரமும் காய்ந்தால் சுருங்குமாம். அதில் ஏறி உட்கார இன்னொரு ஸ்டூல் வேண்டியிருந்தது. கடையில் வாங்கித் தொலையுங்கள் அத்தான் என்று கத்திப் பார்த்தேன்.

"கடையில தச்சவனுக்கு உன்னத் தெரியுமாலே? எனக்குத் தெரியும்லா."

இவருக்கு ஒரே மகள், ஜெசி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்காரப் பையனைப் பிடித்துப்போய் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வேறு மதம். செத்தாலும் அவளோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று தெருவே கேட்கச் சொன்னார் அத்தான். சொன்னால் சொன்னதுதான், அப்படி ஒரு முரட்டு ஜென்மம். அக்கா கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்குச் சுடுவதையே விட்டுவிட்டாள். யாருக்குச் சுட என்றாள்.

ஜெசிக்குப் பெண் குழந்தை பிறந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. அந்த டிசம்பரில் அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீதான் அங்கே போய் வருகிறாயே, பிள்ளை எம்புட்டு உயரம் இருக்கும் என்று கேட்டார். சாண் போட்டுப் பார்த்துவந்து சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. என் சாண் வேறு, அவர் சாண் வேறாம். நேரில் பார்த்தால்தான் அளவு கிடைக்குமாம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். பால்கோவா கடைக்கு எதிரே ஒரு கரும்புச்சாறு வண்டி. அதன் பின்னால் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு நின்றார். நான் கடைக்குள் போய்க் குழந்தையைத் தூக்கி, அவர் பக்கம் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். அடுத்த ஞாயிறும் இதே கூத்து. ஏனென்றால் முதல் தடவை கை அளவு பிடிபடவில்லையாம். போன பாவத்துக்கு ஒவ்வொரு தடவையும் பால்கோவா வாங்கி வந்து பங்கு வைத்து, தெருவே அதைப் பார்த்தால் ஓடும் நிலைமை.

இரண்டாவது தடவை ஜெசி கல்லாவிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்.

"மாமா, எதித்தாப்புல முக்காடு போட்டுக்கிட்டு ஒருத்தர் வெயில்ல நிக்காரு. போன வாரமும் நின்னாரு. ஒரு டீ வாங்கிக் குடுங்க."

வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை பத்தவில்லை என்றார் அந்த மனுஷன்.

பண்டிகைக்கு முந்தின நாள் கலர் பேப்பரில் சுற்றிய பொட்டலத்தை என் கையில் திணித்தார். யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாதாம். ஜெசி பிரித்துப் பார்த்தாள். ரோஸ் கலர் கவுன். உள்ளே இரண்டு பிள்ளைகளை வைத்துப் பொத்தான் போடலாம். யார் கொடுத்தது என்று அவள் கேட்கவே இல்லை.

மறுநாள் சர்ச் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஜெசி. பின்னால் அவள் புருஷன். முன்னால் அந்தக் கவுனைத் தரையில் இழுத்துக்கொண்டு குழந்தை. அக்கா எழுந்தவள் எழுந்தபடியே நின்றுவிட்டாள். அத்தான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைப் பிடுங்கிக் கிழித்திருப்பேன்.

குழந்தை கவுனை மிதித்து விழுந்தது. வீல் என்று அழுதது. ஜெசி அதைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"எவரு தச்சாகளோ. அளவே தெரியல."

பேப்பர் ஆடியது. பிறகு அதன் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஒரு தடவ துவைச்சா சுருங்கிரும்."

"பச்சத் தண்ணியிலயா, வெந்நியிலயாப்பா?"

பேப்பர் கீழே இறங்கியது.

"வெந்நி. பிள்ளைய இப்படிக் குடு, முட்டியில அடிபட்டுச்சான்னு பாப்போம். மாப்பிள்ளைய உள்ள வந்து உக்காரச் சொல்லு."

அக்கா அடுப்படிக்கு ஓடினாள். அச்சுமுறுக்கு அச்சைத் தேடி அவள் பாத்திரங்களை உருட்டிய சத்தம் கடைசி வீடுவரை கேட்டிருக்கும்.

அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குத் தைத்த அந்தச் சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வெந்நீரில் துவைத்துப் போட்டுப் பார்க்கிறேன். பாவி மனுஷன், இன்னும் சுருங்கவில்லை.