வலப்பக்க ஆலோசகர்

கொஞ்சம் கிட்ட அரக்கி இருங்கோ. இது அரசாங்கக் காரியம், சத்தம் போட்டுச் சொல்லக் கூடாது.

எங்கள் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போகும் ஒழுங்கை முகப்பில் இருந்த மதகு போன மாரியில் இடிந்து விழுந்தது. உழவு இயந்திரம் உள்ளே வராது. தோட்டத்தில் கிண்டிய வெங்காயம் வெளியே போகாது. அடுத்த மழைக்கு முன் மதகு கட்டாவிட்டால் அவ்வளவும் அழுகல்தான்.

முறைப்பாட்டைப் பார்க்க வீதி அலுவலக ஜீப் வந்தது. வந்த வேகத்தில் பள்ளத்தில் விழுந்து, இடப்பக்கப் பின்சில்லின் பாரம் தாங்கும் வில்லுத்தகடுகள் முறிந்து, பார்க்க வந்ததைப் பார்க்காமலே இழுபட்டுப் போனது.

நான் அலுவலகம் போனேன். பொறியியலாளர் அருட்பிரகாசம் பொறுமையாக விளக்கினார்.

"மதகு கட்டுறதெண்டால் நான் அலுவலக வாகனத்திலை வந்து பார்க்கவேணும், ஐயா."

"வாங்கோவன்."

"வாகனத்துக்குத் தகடு முறிஞ்சு போச்சு."

"மாத்துங்கோவன்."

"அதுக்கு, அது முறிஞ்ச பள்ளத்தை வந்து பார்வையிடவேணும்."

"பாருங்கோவன்."

"எதிலை வாறது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. படித்த மனுசன் அல்லவா.

மூலையில் நின்ற சாரதி செல்வரட்ணம் என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் கொஞ்சம் பெருத்த உடம்பு. "சேர், இந்த ஐயா எங்களோடை வந்தால் எல்லாம் நேராகும்," என்றான்.

அன்றே நான் 'கள ஆலோசகர்' ஆனேன். என் இருக்கை பின்னால், வலப்பக்கம். செல்வரட்ணம் முறிந்த தகட்டைக் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தான். இடப்பக்கம் சரிந்து நின்ற ஜீப் நான் ஏறியதும் நிமிர்ந்தது. மரியாதைக்கு நிமிர்கிறது என்று நினைத்தேன்.

வேட்டிக்குக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு அளவெட்டி போனேன், வட்டுக்கோட்டை போனேன். எங்கேயும் ஒருத்தரும் என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்கிறார்கள் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

"எங்கடை மதகு எப்ப?" என்றாள் மனைவி குணலட்சுமி.

"வரிசையிலை இருக்கு. அலுவலக நடைமுறை உனக்கு விளங்காது."

"வெங்காயத்துக்கும் விளங்கேல்லையாம். முளைக்குது."

பிறகு காய்ச்சலில் விழுந்தேன். அந்த நேரம் பார்த்து ஜீப் எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. குணலட்சுமி வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"உங்கடை இடத்திலை ரண்டு சீமெந்துப் பை இருக்கு. இருக்கைப் பட்டியும் கட்டியிருக்கு."

"மதகு கட்டக் கொண்டுவந்திருப்பினம்!"

"இறக்கேல்லையப்பா. திருப்பிக் கொண்டு போயிட்டினம்."

காய்ச்சலோடு எழும்பி அலுவலகத்துக்கு ஓடினேன். அருட்பிரகாசம் எழுந்து நின்று அறிவித்தார்: "மதகு அவசியமில்லை என்ற முடிவு ஆலோசகர் முன்னிலையில் எட்டப்பட்டது. ஆலோசகர் எவ்வித ஆட்சேபனையும் தெரிவிக்கவில்லை."

"சேர், அது சீமெந்து!"

"ஆசனம் நிரம்பியிருந்தது, வாகனம் நேராய் நிண்டது. வேறை என்ன வேணும்? ஆட்சேபனை இருந்தால் இப்பவே வாங்கோ, திரும்பப் பார்ப்பம்."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அலுவலக முற்றத்தில் ஜீப் நின்றது. என் இடத்தில் அந்த இரண்டு பையும் சாய்ந்திருந்தன. அவற்றைக் கேட்டு வாங்கியிருந்தால் மதகை நானே கட்டியிருப்பேன். உங்களுக்கு இது உடனே தெரிகிறது. எனக்கு அந்த நேரம் பதவி போய்விட்ட கவலை.

"தம்பி, அது என்ரை இடம்!" என்றேன்.

செல்வரட்ணம் பட்டியைக் கழற்றி, இரண்டு பையையும் இறக்கினான். நான் ஏறி இருந்தேன். அவன் ஜீப்பின் பின்னால் போய்க் குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"காய்ச்சலிலை நல்லாய் மெலிஞ்சு போனியள், ஐயா," என்று சொல்லி, ஒரு பையைத் தூக்கி என் மடியில் வைத்து, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பட்டியைக் கட்டினான்.