கொல்லிமலைக்கு வேளாங்கண்ணி வழியாக

பார்சலை ஃப்ளோரா பிரித்துவிட்டாள்.

காஸ்பர் சார் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தபோது, ஹால் மேஜைமேல் அட்டைப்பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பக்கத்தில் முழங்காலுக்குக் கட்டுகிற கவசம் இரண்டு, கறுப்புக் கையுறை ஒரு ஜோடி. அவற்றுக்குப் பின்னால் ஃப்ளோரா, கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சார் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"எதுக்குங்க இது?"

"எது?"

"இதான். முட்டிக்குக் கட்டறது. எங்க கிளம்பறீங்க? சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

'ஒண்ணும் சொல்லமாட்டேன்' என்று ஆரம்பித்து ஃப்ளோரா சொன்னதையெல்லாம் சேர்த்தால் ஒரு நூலகமே வைக்கலாம். கல்யாணமான நாளிலிருந்து அவள் சிரித்துக்கொண்டே கேட்ட கேள்வி ஒன்றில்கூட சார் பாஸ் ஆனதில்லை. சாந்தோமில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், வீட்டில் மட்டும் கடைசி பெஞ்சு.

எங்கே கிளம்புகிறார் என்பதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, ஃப்ளோராவிடம் தவிர. கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவு. இளவட்டமாக இருந்தபோது மோட்டார் சைக்கிள் வாங்கியதே அதில் ஏறத்தான். வாங்கினார், கல்யாணம் வந்தது. அப்புறம் பிள்ளை, பிள்ளைக்கு ஞானஸ்நானம், புதுநன்மை, பொதுத்தேர்வு, பிள்ளையின் கல்யாணம் என்று ஒவ்வொரு கோடை விடுமுறையையும் ஏதோ ஒன்று விழுங்கிக்கொண்டே போனது. இதுவரை அந்த வண்டி ஏறிய மிகப் பெரிய மலை அடையாறு மேம்பாலம்.

இந்த வருஷம் விட்டால் கொல்லிமலை என்றைக்கும் இல்லை. மெக்கானிக் குலாம் முகம்மது வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். "சார், இன்ஜினுக்கு வயசாயிப்போச்சு. ஒரு லாங் டிரிப் தாங்கும். ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்புறம் பீச் ரோட்ல காத்து வாங்கத்தான் ஆவும்."

"வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க பாய்."

"நான் இன்னாத்துக்கு சார் சொல்லப்போறேன்?"

வீட்டில் சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போனார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஃப்ளோரா வாந்தி எடுத்தாள், அதுவும் அவருடைய புதுச் சட்டையின் மேல். திரும்பி வந்ததும், "இனிமே மலைங்கற பேச்சே இந்த வீட்ல கூடாது" என்று சட்டம் போட்டாள். அந்தச் சட்டத்துக்கு இதுவரை திருத்தம் எதுவும் வந்ததாக சாருக்குத் தகவல் இல்லை.

"கேக்கறேன்ல? எங்க போறீங்க?"

ஃப்ளோராவின் தலைக்கு மேலே சுவரில் ஆரோக்கிய மாதா படம். சாரின் கண் அங்கே போனது. வாய் பின்னாலேயே போனது.

"வேளாங்கண்ணிக்கு."

ஃப்ளோராவின் சிரிப்பு அப்படியே நின்றது. "வேளாங்கண்ணிக்கா? பைக்லயா?"

"நேர்ந்துக்கிட்டேன்."

"நீங்களா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே பிரசங்கம் முடிந்தபின் போய்த் தூணோரம் நிற்கிற மனிதர்.

"ஏன், நான் நேர்ந்துக்கக் கூடாதா? வர்ற வெள்ளிக்கிழமை காலையில கிளம்பறேன்."

"வெள்ளிக்கிழமையேவா?" ஃப்ளோரா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "அடுத்த மாசம் போகக் கூடாதாங்க? நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லலாம்னு..."

விட்டால் பேசியே கலைத்துவிடுவாள் என்று சாருக்குத் தெரியும். குரலை உயர்த்தினார். "தேதி சொல்லி நேர்ந்துக்கிட்டேன் ஃப்ளோரா. நேர்ச்சைன்னா நேர்ச்சை. மாதாகிட்ட போய் பேரம் பேசலாமா?"

ஃப்ளோராவின் கண் கலங்கிவிட்டது. "வேணாங்க. மாதாதான் முக்கியம்" என்று எழுந்தாள். பால்கனிக் கொடியில் காய்ந்த இரண்டு ஸ்வெட்டர்களையும் உருவிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே யாரிடமோ தாழ்ந்த குரலில் போன் பேசுவது கேட்டது.

மே மாத வெயிலில் எதற்கு ஸ்வெட்டர் காயப்போட்டாள் என்று ஒரு நொடி தோன்றியது. பீரோ சுத்தம் செய்கிறாளாக்கும் என்று விட்டுவிட்டார். அவள் கண் கலங்கியது பக்தியால்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அன்று மாலையே வேளச்சேரிக்குப் போய் டெரன்ஸைப் பார்த்தார். டெரன்ஸ் சார் வேலை பார்க்கும் பள்ளியிலேயே பி.டி. மாஸ்டர்; தன் பைக்கில் கூட வருவதாக இருந்தவர்.

"மச்சி, மாதாவை வச்சா பொய் சொன்னே?" டெரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மலை ஏறிட்டு வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கறேன். நீ வழியைக் கேளு. ஈசிஆர்ல கொட்டிவாக்கம் தாண்டி நேரா மாமல்லபுரம். அங்கிருந்து செங்கல்பட்டுக்குத் திரும்பிடறோம். அப்புறம் பெரிய ரோடு, சேலம், மலை. எவனுக்கும் தெரியாது."

திட்டம் கணக்கு வாத்தியார் போட்ட திட்டம், பிசகே கிடையாது. புதன்கிழமை அன்பியம் கூடாமல் இருந்திருந்தால்.

தெருவிலுள்ள பத்துப் பதினைந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் வாராவாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வதுதான் அன்பியம். அந்த வாரம் காஸ்பர் சார் வீடு. ஜெபம் முடிந்து, சுண்டல் கைக்கு வருவதற்குள் ஃப்ளோரா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். முகத்தில் ஏதோ ஒரு வாட்டம், ஆனால் குரலில் பெருமை.

"என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை மாதா கோயிலுக்கு பைக்லயே போறார். நேர்ச்சை."

எதிர்வீட்டு ஜொவிட்டா டீச்சர் சுண்டலைக் கீழே வைத்தாள். "ஐயோ சார், மாதாவே உங்களை அனுப்பின மாதிரி இருக்கு. என் பையன் கனடா விசாவுக்கு, அவன் உயரத்துக்கே மெழுகுவர்த்தி ஏத்தறதா நேர்ந்துக்கிட்டேன். விசா வந்து அவனும் போய்ச் சேர்ந்துட்டான். மெழுகுவர்த்தி இன்னும் கட்டிலுக்கடியில கிடக்கு. கொண்டுபோய் ஏத்திடறீங்களா?"

பையன் ஆறடி. கூடைப்பந்து வீரன்.

"ஆறடியை பைக்ல எப்படிம்மா கட்டறது?" சார் பதறினார். "அதுவும் இந்த வெயில்ல. கடலூர் போறதுக்குள்ள உருகிடும்."

நல்ல பதில். யாராலும் மறுக்க முடியாது. மூலையில் உட்கார்ந்திருந்த கிளிஃபர்ட் மறுக்கவில்லை, ஒத்துக்கொண்டார். கிளிஃபர்ட் தி. நகரில் டிராவல்ஸ் வைத்திருப்பவர். டிக்கெட், ரூம், வேன் எல்லாம் பார்த்துத் தருவார்.

"கரெக்ட் சார், உருகிடும். நம்ம ஏசி வேன் சும்மாதான் நிக்குது. உங்க பின்னாடியே வந்துடறேன். யார் யார் வர்றீங்க, கை தூக்குங்க."

கை தூக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் காஸ்பர் சார். இன்னொன்று ஜொவிட்டா டீச்சரின் கைக்குழந்தைப் பேத்தி.

ஃப்ளோரா சமையலறைக்குப் போய் வாந்தி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து வந்து ஜொவிட்டாவிடம் கொடுத்தாள். "வேன்ல வர்ற பசங்களுக்கு வச்சுக்கோ. எனக்கு இனிமே எதுக்கு?"

சார் இரவெல்லாம் யோசித்துக் காலையில் புது வழியோடு எழுந்தார். காபியை உறிஞ்சியபடி, "ஃப்ளோரா, என் வண்டி பழசு. வழியில நின்னாலும் நின்னுடும். எனக்காக நீங்க வெயில்ல காத்துக் கிடக்க வேணாம். வேன் நேரா முன்னாடி போயிடட்டும், நான் பின்னாடி மெதுவா வந்துக்கறேன்" என்றார்.

"நின்னுடுமா?" என்றாள் ஃப்ளோரா. நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பத்து மணிக்கு சாருக்குப் போன் வந்தது. குலாம் முகம்மது.

"சார், மேடம் கடைக்கே வந்துட்டாங்க. வண்டி நின்னா பாக்க ஆள் வேணும், நீங்களும் வேன்ல வாங்க பாய்னு கூப்ட்டாங்க. மாட்டேன்னு எப்டி சார் சொல்றது? எங்கம்மாவே ஒருதபா மாதா கோயிலுக்குப் போய்வந்துகீறாங்க. நான் டூல்ஸோட வந்துடறேன், நீங்க கவலையே படாதீங்க."

சார் கவலைப்பட்டார். ஆனால் மசியவில்லை. இந்த வண்டிக்கு மிச்சம் ஒரே ஒரு பயணம். அதைச் சமவெளியில், கடலோரத்தில், ஒரு மெழுகுவர்த்திக்காகச் செலவழிப்பதா? நடக்கிற காரியமா?

நேரே பங்குத்தந்தையிடம் போனார். "ஃபாதர், என் நேர்ச்சையில ஒரு சின்ன விஷயம். தனியா, மௌனமா போறேன்னுதான் மாதாகிட்ட சொல்லியிருக்கேன். கூட்டமா வந்தா நேர்ச்சை கெட்டுப்போகுது. நீங்கதான் எல்லாரையும் தடுக்கணும்."

ஃபாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காஸ்பர், உங்களைப் போய்த் தப்பா நினைச்சிருந்தேன்" என்றார். "நீங்க போங்க. நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். அன்று மாலைப் பூசையில் மௌன நேர்ச்சையைப் பற்றியே பிரசங்கம் வைத்தார். தூணோரம் நின்றிருந்த சாரை முன்னால் அழைத்துக் காட்டவும் செய்தார். பூசை முடிந்ததும் இளைஞர் குழுத் தலைவன் சித்தார்த்தன் ஓடி வந்தான்.

"சார், நாங்க டிசைட் பண்ணிட்டோம். முன்னாடி நாலு பைக், பின்னாடி நாலு பைக், நடுவுல நீங்க. வழியில ஒரு ஆளு உங்ககிட்ட வந்து பேசமாட்டான். உங்க மௌனத்துக்கு நாங்க கேரண்டி!"

அத்தோடு டெரன்ஸும் போய்விட்டார். "மச்சி, ஃப்ளோரா என் வீட்ல போன் பண்ணிச் சொல்லி, ரெண்டு பேருக்கும் வேன்ல சீட் போட்டாச்சு. சன்னலோரம். மன்னிச்சுக்கோ" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

"போடா பயந்தாங்கொள்ளி!" என்று போனைப் பார்த்துக் கத்தினார் சார். "ஒத்தையாளா ஏறிக் காட்டறேன் பாரு!"

வெள்ளிக்கிழமை விடிந்தது. கோயில் வாசலில் எட்டு பைக்குகள் உறுமிக்கொண்டு நின்றன. வேனுக்குள் நடைபாதை நெடுக ஆறடி மெழுகுவர்த்தி படுத்திருக்க, அதன் இரு பக்கமும் குடும்பம் குடும்பமாக ஆட்கள். முன்சீட்டில் குலாம் முகம்மது, மடியில் டூல்ஸ் பெட்டி. ஜன்னலோரம் ஃப்ளோரா, நல்ல புடவையில்.

ஃபாதர் வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். சார்மேலும் தாராளமாகவே தெளித்தார். "இந்த நிமிஷத்திலிருந்து காஸ்பரோட மௌனம் ஆரம்பிக்குது" என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டக் கூடாதோ என்று உடனே நிறுத்தியும் விட்டார்கள்.

சார் முழங்கால் கவசத்தைக் கட்டினார். கையுறையை மாட்டினார். தலைக்கவசத்துக்குள்ளே பல்லைக் கடித்தார். மாமல்லபுரம் போனால் போகட்டும். திண்டிவனத்துக்குத் திரும்ப ஒரு ரோடு, விழுப்புரத்துக்கு ஒரு ரோடு, கடலூரில் ஒரு ரோடு. டீ குடிக்க இந்தப் பயல்கள் நிற்காமலா போவார்கள்? மேற்கே திரும்ப ஒரு சந்து கிடைத்தால் போதும். ஃப்ளோராவுக்குத் தெரியாமல் இந்த மலையை ஏறாமல் விடுவதில்லை.

கிளிஃபர்ட் வேனிலிருந்து இறங்கி வந்தார். சாரின் தோளைத் தட்டி, தலைக்கவசத்தின் ஓரமாகக் குனிந்தார்.

"சார், நீங்க பேச வேணாம், கேட்டா போதும். ஃப்ளோராக்கா யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."

சார் தலையாட்டினார்.

"வண்டிக்கு இன்னும் ஒரு லாங்தான்னு பாய் சொல்லிட்டாராம். அதைக் கேட்டு அக்கா ஒரே அழுகை. உங்க ரொம்ப நாள் ஆசையாச்சே, சர்ப்ரைஸா இருக்கட்டும்னு என்கிட்ட வந்து இந்த வெள்ளிக்கிழமைக்கே கொல்லிமலையில ரூம் போட்டாங்க, உங்க பின்னாடி உக்காந்து எழுபது வளைவும் ஏறணும்னு மாத்திரைகூட வாங்கி வச்சாங்க. நீங்க மாதா பேரைச் சொன்ன அன்னிக்கே கேன்சல் பண்ணச் சொல்லிட்டாங்க சார்."