மூக்குக் கண்ணாடிக் கடை வேலை விஷயமாக

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும், முழங்காலும் சேர்த்து, நலமாக இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை தன் நண்பரின் மூக்குக் கண்ணாடிக் கடையில் என் மகளுக்கு வேலை பார்த்துவைத்து, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தாரே, எனக்குச் சம்மதம். விளம்பரத்துக்காகக் கண்ணாடிச் சட்டங்களை மேசையில் வைத்துப் படம் எடுக்கும் வேலை. சட்டம் அழாது, நகராது, என்னை எடுக்காதே என்று சொல்லாது. அவளுக்கு இதைவிடப் பாதுகாப்பான வேலை கிடைக்கப்போவதில்லை. நீதான் அவளிடம் பேச வேண்டும். அத்தை சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் என்னைப் படம் எடுப்பாள்.

இந்தத் தொழிலை அவள் யாரிடமும் போய்க் கற்கவில்லை. நூலகத்துப் புத்தகம் ஒன்று, பழைய கேமரா ஒன்று, நாற்காலியில் தூங்கும் அப்பா ஒருவர், இவ்வளவுதான் அவள் படித்த கல்லூரி. ஜன்னல் வெளிச்சத்தில் அப்பா, விளக்கு வெளிச்சத்தில் அப்பா என்று நான் வாய் பிளந்து தூங்கும் படங்கள் நானூறு எடுத்த பிறகு, கணக்கு டீச்சர் வேலையை விட்டுவிட்டு ஒரு நிவாரண அமைப்போடு கிளம்பிப் போனாள். முதல் பயணத்திலேயே ஒரு பெரியவர் இரண்டு கையையும் நீட்டிப் போர்வை வாங்குவதை எடுத்தாள். அமைப்பு அதைப் பேருந்து அளவுக்குப் போஸ்டர் அடித்துவிட்டது. பெரியவரோ வெளியூரில் இருக்கும் மகனிடம் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவைத்திருந்தார். மகன் பார்த்த முதல் போஸ்டரே அதுதான். இவள் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் கோபப்படவில்லை. "படம் நல்லாத்தாம்மா இருக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாராம். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு விதி. எடுத்ததை எடுக்கப்பட்டவரிடம் காட்டுவாள், கேட்பாள். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவாள். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? கூட இருந்து பார், தெரியும்.

வெள்ளத்தில் வீடு போனவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு மாதமாகத் தங்கியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொந்தமாக ஒரு ஆவணப்படம் எடுக்க ஆரம்பித்தாள். மைக் பிடிக்கிற ஆள் பாதியில் போய்விட்டதால் நீண்ட கோலும் அதன் நுனியில் மைக்கும் என் கைக்கு வந்தன. மைக்குக்கு ரோமத்தில் ஒரு உறை போட்டிருந்ததா, ஒரு குழந்தை அதைப் பூனை என்று நினைத்துத் தடவ, அரை மணி நேரப் பேட்டி முழுக்கத் தடவுகிற சத்தம்தான் பதிவாகியிருந்தது. அடுத்த பேட்டியில் யாரோ "அடடா, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அது நான்தான். "அப்பா, நீங்க பேசக்கூடாது" என்றாள். பேசாமல் நின்றேன். பேசாமல் நின்ற கவனத்தில் கோலைத் திருப்பிச் சுவரிலிருந்த பெரிய வரைபடத்தை என் தலையிலேயே தள்ளிக்கொண்டேன். எதிரே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மா சிரித்தார் பார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வகுப்பறையே திரும்பிப் பார்த்தது. வெள்ளத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததில்லை என்றார்கள். படத்திலேயே நல்ல காட்சி அதுதான்.

விதிப்படி காட்டினாள். அந்த அம்மா கடைசிவரை பார்த்துவிட்டுக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். "வேணாம்மா. நாங்க சிரிக்கறதைப் பார்த்தா, இவங்களுக்கு என்ன குறைச்சல்னு வீடு குடுக்கறதைத் தள்ளிப் போட்டுடுவாங்க." உடனே அழித்துவிட்டாள்! மிச்சத்தை அந்த நிவாரண அமைப்பு வாங்கிக்கொள்ளுமா என்று கொண்டுபோனாள். பார்த்த மேலாளர், "எல்லாரும் சும்மா காத்துக்கிட்டே இருக்காங்களே, யாரும் அழலையா?" என்றார். "அழறப்ப எடுக்க யாரும் சம்மதிக்கலை சார்" என்றாள் இவள். அடுத்த வேலை இருந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இரண்டு மாதமாயிற்று, சொல்லி அனுப்பவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! "அழிக்கறதுக்கு எதுக்கும்மா எடுக்கறே?" என்று கத்தினேன். அவள் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "எடையளவு இன்ஸ்பெக்டரா முப்பத்திரண்டு வருஷம் கடைகடையாப் போய்த் தராசு பார்த்தீங்களேப்பா. எடை குறைஞ்சா, கடைக்காரர் அழுதார்னு என்னைக்காவது முத்திரை போட்டீங்களா?" என்றாள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். தங்கச்சி, அவள் சரியாகத்தான் இருக்கிறாள். அதுதான் எனக்குப் பயம். நானும் சரியாக இருந்து, வருடத்துக்கு ஒரு ஊர் என்று மாற்றலாகிச் சுற்றியவன். எனக்குப் பின்னால் இவளுக்கு யார் இருக்கிறார்கள்? ஆகவே கண்ணாடிக் கடைதான். பேசி முடி.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நல்ல புத்தியும் கெட்டியான பல்லுமாக வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் மனசு கேட்கவில்லை. அவளைப் பற்றி எழுதிவிட்டு அவளிடம் காட்டாமல் எப்படி அனுப்புவது? படித்துக் காட்டினேன். "என்னைப் பத்தி என்ன வேணா எழுதுங்கப்பா. ஆனா அந்தம்மா வேணாம்னு சொன்ன சிரிப்பை எழுதிட்டீங்களே, அவங்களைக் கேட்டீங்களா?" என்றாள். அடுத்த நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த அம்மாவிடமும் முழுக்கப் படித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "நான் சிரிச்சது இருக்கட்டும் சார், உங்க தங்கச்சிதானே. அந்தக் கண்ணாடிக் கடையை மட்டும் எடுத்துடுங்க. இந்தப் பொண்ணு போயிட்டா, எங்களைக் கேட்டுட்டு யாரு எடுப்பாங்க?" என்றார். விதி என்றால் விதிதான். அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும். அதனால் இரண்டாம் பத்தியையும் கண்ணாடிக் கடை வருகிற மற்ற இடங்களையும் அடித்ததாக வைத்துக்கொள். மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அந்த அம்மாவுக்கு வீட்டுச் சாவி கைக்கு வரும்வரை இந்தக் கடிதத்தை வேறு யாருக்கும் காட்டாதே. சாவி வாங்கும் அன்றைக்குத் தான் சிரிப்பதை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று என் மகளிடம் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை, மைக்கை நான்தான் பிடிக்க வேண்டுமாம்.